பார்த்தா ஈயம் பிடிச்ச மாதிரிதான் இருந்துச்சு (காயில் முனையை போர்டுல பத்தவச்ச அனுபவங்கள்)

பீளமேடு_பி_ஷிஃப்ட்

ரொம்ப நாளா யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்தது. வீட்டுல சொன்னா புரியாது, இங்க புரியும்.

பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) சீலிங் ஃபேன் லைன். 2023 ஜனவரியில ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம்னு வந்ததும் ஆர்டர் கொட்டின நேரம். நான் லைன் சூப்பர்வைசர். ஸ்டேட்டர் (மோட்டார்ல சுத்தாம நிக்கற பாகம்) காயில் சுத்தி வரும், யு, வி, டபிள்யூ மூணு ஃபேஸ் முனையும் வட்ட சர்க்யூட் போர்டுல ஓட்டைக்குள்ள விட்டு ஈயம் வச்சு சால்டர், மூணு காயிலோட மறுமுனையும் சேர்ற ஸ்டார் பாயின்ட் ஓரத்துல தனி பேட்ல (போர்டுல இருக்கற செம்புத் திட்டு). உங்களுக்குத் தெரிஞ்சதுதான். கம்பி 155 கிளாஸ் (அத்தனை டிகிரி சூடு தாங்கும்), மேல காப்புப் பூச்சு போலியூரிதேன் எனாமல். சுரண்டற வேலையே இல்லை. சால்டரிங் அயனை 390 டிகிரியில வச்சு ரெண்டு மூணு செகண்ட் அழுத்தினா எனாமல் புகைஞ்சு போய் ஈயம் தானா ஏறும்.

ஒரு புதன்கிழமை, ஃபீல்டுல இருந்து திரும்பி வந்த பன்னிரண்டு ஃபேன் என் டேபிளுக்கு வந்துச்சு. புகார் எல்லாம் ஒண்ணே. போட்டவுடனே நல்லா ஓடுது, அரை மணி நேரத்துல வெட்டி வெட்டி நிக்குது, ஆறினா மறுபடி ஓடுது. கழட்டிப் பார்த்தேன். ஈயம் பளபளன்னு, குமிழ் அழகா, போட்டோ எடுத்து சுவத்துல ஒட்டலாம் போல இருந்தது. மில்லிஓம் மீட்டர் வச்சேன், மூணு ஃபேஸும் சமம். கோளாறு மோட்டாரை ஓட்டற சிப்புல, டிரைவர் ஐசிதான்னு முடிவு பண்ணிட்டேன். சும்மா ட்வீசரால வி முனையைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தேன்.

வந்துடுச்சுங்க. மெழுகுவத்தியில இருந்து திரியை உருவற மாதிரி, சத்தமே இல்லாம. ஈயத்துல வட்டமா ஒரு துளை நிக்குது. கம்பியில எனாமல் பழுப்பு நிறத்துல துளிகூடக் கலையாம இருக்கு. கட்டரால வெட்டின முகத்துல மட்டும்தான் செம்பு தெரிஞ்சிருக்கு, அந்த ஊசிமுனை அளவுல ஈயம் ஒட்டி மீட்டருக்கு ஓகே காட்டியிருக்கு. சூடேறி விரிஞ்சா விட்டுடும், ஆறினா தொட்டுக்கும்.

ரீல் லேபிளைத் தேடிப் போனா, ஒரு லாட் முழுக்க 200 கிளாஸ் டூயல் கோட். மேல பாலிஅமைட்இமைட் பூச்சு. அது அயனுக்கெல்லாம் மசியவே மசியாது, சுரண்டித்தான் ஆகணும். பர்சேஸ்ல "இன்னும் நல்ல கம்பி"ன்னு வாங்கிட்டாங்க. லைனுக்கு யாரும் சொல்லலை.

ஆனா ஒருத்தங்க சொன்னாங்க. அதுதான் உறுத்துது. அந்த லாட் ஏறின அன்னைக்கே சால்டரிங் டேபிள்ல ஒரு பொண்ணு, "அண்ணா, இன்னைக்குப் புகையே வரமாட்டேங்குதுங்ணா, வாசமும் இல்லீங்ணா"ன்னு சொல்லுச்சு. நான், "புகை வரலைன்னா நல்லதுதானே, 450-க்கு ஏத்திக்கோ"ன்னுட்டுப் போயிட்டேன். 450-ல பேடு பேடா உரிஞ்சு வந்தது தனிக் கதை.

மெல்லிசுக்கம்பி

உங்களுக்கு எனாமல் போகலை. எனக்குக் கம்பியே போச்சு.

சின்ன கூலிங் ஃபேன், எலக்ட்ரானிக்ஸ் பெட்டிக்குள்ள ஓடறது. 38 கேஜ், 0.15 மில்லி, தலைமுடியைவிடத் தடிமன், அவ்வளவுதான். முனையை பாபின் (காயில் சுத்தற சட்டம்) பின்னுல நாலு சுத்து சுத்தி, சால்டர் பாட்ல, அதாவது உருகின ஈயப் பானையில, ஒரு முக்கு. அப்புறம் அந்தப் பின்னுமேல போர்டை உட்கார வச்சு இன்னொரு தடவை பத்தவைக்கிறது. பாட் 430 டிகிரி. ஏற்றுமதி ஆர்டர்ங்கறதால லெட்-ஃப்ரீ. (ஈயமில்லாத ஈயம்! தமிழ்ல சொன்னா கஸ்டமரே சிரிப்பான்.)

முக்கிட்டு "ஒண்ணு, ரெண்டு" எண்ணி எடுக்கணும், அவ்வளவுதான் கணக்கு. புதுசா வந்த பையன் பயந்த சுபாவம், நல்லாப் பிடிக்கட்டும்னு அஞ்சு வரைக்கும் எண்ணியிருக்கான். டெஸ்ட்ல எல்லாம் பாஸ். பேக்கிங்ல பெட்டியைத் தட்டி வச்சா நாலுல ஒண்ணு ஓப்பன், கம்பி அறுந்து கரண்ட் போகலை.

மைக்ராஸ்கோப்ல பார்த்தேன். கம்பி பின்னை நெருங்க நெருங்க இளைச்சுக்கிட்டே போய், சீவின பென்சில் மாதிரி முடியுது. செம்பு ஈயப்பானையிலேயே கரைஞ்சு போயிருக்கு. தகரம் அதிகமா இருக்கற கலவையும் அந்தச் சூடும் சேர்ந்தா செம்பைச் சர்க்கரை மாதிரி இழுக்கும்னு அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன். அப்புறம் 3 சதவீதம் செம்பு ஏற்கனவே கலந்த சால்டர் பார் வாங்கினோம். வயிறு நிறைஞ்சவன் மெதுவாத்தானே சாப்பிடுவான்.

அந்தப் பையனைத் திட்டினேன். "எத்தனை வரைக்கும் எண்ணணும்னு நீங்க சொல்லவே இல்லையே சார்"னான். சொல்லலைதான்.

நாப்பது_வருஷ_வைண்டர்

ரெண்டு பேரு கதையையும் படிச்சேன். தம்பிகளா, இது ரெண்டும் பிரச்சினையே இல்லை. சுரண்டாம விட்டதுதான் பிரச்சினை.

எங்க ரீவைண்டிங் கடையில பம்புசெட் மோட்டார்ல ஆரம்பிச்சு மிக்ஸி வரைக்கும் பார்த்தாச்சு. போன மாசம் ஒரு பிஎல்டிசி ஃபேன் வந்தது, ஒரு முனை விட்டிருந்தது. சுரண்டிப் பத்தவச்சுக் கொடுத்தேன், ஓடுது. என் கதை அவ்வளவுதான். இனி சொல்றதைக் கேட்டுக்கோங்க.

முதல்ல பிளேடு. புதுசு வேண்டாம், ஒரு தடவை தாடி எடுத்த பிளேடு போதும், புதுசு செம்பை வெட்டிடும். கம்பியை மரப்பலகை மேல வச்சு, பிளேடைப் படுக்கப்போட்டு, காயில் பக்கம் இருந்து முனைப் பக்கமா மட்டும் இழுக்கணும். எதிர்ப்பக்கம் தள்ளவே கூடாது. கால் சுத்து திருப்பி மறுபடியும். நாலு பக்கமும் ரோஜா நிறம் வரணும், மஞ்சள் தெரிஞ்சா எனாமல் பாக்கி இருக்கு. அப்புறம் ஜீரோ நம்பர் உப்புத்தாள் ஒரே ஒரு இழுப்பு. கை படக் கூடாது, விரல் எண்ணெய் ஒட்டினா ஈயம் உருண்டு ஓடும்.

அடுத்து ஈயம் பிடிக்கறதுக்குத் தடவற பேஸ்ட். இப்ப வர்ற "கழுவ வேண்டாம்" பேஸ்ட்ல சக்தியே இல்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசறவரு நவச்சாரத்தைத் தூவி, பஞ்சால ஒரு தேய் தேய்ப்பாரு பாருங்க, வெள்ளி மாதிரி ஓடும். அந்த மாதிரி காட்டமான பேஸ்ட் வச்சாத்தான் பிடிக்கும். முதல்ல கம்பிக்குத் தனியா ஈயம் பூசு, பேடுக்குத் தனியா பூசு, அப்புறம் ரெண்டையும் சேர்த்து ஒரு தொடு. அயன் 25 வாட்டை வச்சுக்கிட்டு தடிக்கம்பியைத் தொடவே தொடாதே, காயில் மொத்தமும் சூட்டைக் குடிச்சிடும், 60 வாட் வேணும்.

நீங்க பண்ணினது "ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்" கதைதான்.

அதிர்வு_மேஜை

ஐயா, பெரியவங்க, மன்னிக்கணும். ஒரு நாளைக்கு ஒரு மோட்டாருன்னா உங்க பிளேடு சரி. ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்குல முனை. யாரு பலகை மேல வச்சுக் கால் சுத்துத் திருப்பறது? சுழல் ஸ்ட்ரிப்பர் மெஷின் இருக்கு, சுரண்டாமலே கம்பியை அமுக்கினா எனாமலைக் கிழிச்சுக் கவ்வற மேக்-மேட் டெர்மினல் இருக்கு. நவச்சாரத்தைத் தயவுசெஞ்சு போர்டு பக்கமே கொண்டு வராதீங்க. பாத்திரத்தைக் கழுவிடுவாங்க, காயிலுக்குள்ள போன உப்பை யாரு கழுவறது? ஆறு மாசத்துல பச்சை பூத்துடும்.

பிளேடு கீறல் என்ன செய்யும்னு நான் பார்த்திருக்கேன். டெஸ்ட் லேப்ல இருந்தேன். எக்ஸாஸ்ட் ஃபேன் மோட்டார் ஒண்ணை அதிர்வு மேஜையில கட்டி, அதிர்வெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டு, விட்டு விட்டு மின்னற ஸ்ட்ரோப் லைட் அடிச்சுப் பார்த்துட்டிருந்தோம். ஒரு இடம் வந்ததும் பாபினுக்கும் போர்டுக்கும் நடுவுல இருந்த கம்பி மட்டும் தம்புரா தந்தி மாதிரி விம்ம ஆரம்பிச்சுது. மத்ததெல்லாம் கல்லு மாதிரி நிக்குது, அது மட்டும் மெதுவா வயிறு தள்ளித் தள்ளி ஆடுது. ஸ்ட்ரோப்ல பார்த்தா என்னமோ உயிருள்ளது மாதிரி இருக்கும். வாயைத் திறந்து பார்த்துட்டே இருந்தோம், டக்குனு அறுந்துடுச்சு. சரியா ஈயம் முடியற ஓரத்துல.

அங்கதான் அறுந்து போகும். ஈயம் ஏறின வரைக்கும் கம்பி விறைப்பு, அதுக்கு அந்தப் பக்கம் வளையும், ஆட்டமெல்லாம் அந்த ஒரு கோட்டுல வந்து சேரும். அங்க ஒரு பிளேடு கீறலும் இருந்துட்டா கேக்கவே வேண்டாம். லைன்ல கம்பியை இழுத்துப் பிடிச்சு "நீட்டா" பத்தவச்சிருந்தாங்க. கொஞ்சம் தொங்கவிட்டு, நூலால கட்டி, ஒரு சொட்டு சிலிக்கான் வச்ச சாம்பிள் முழு டெஸ்டும் தாங்குச்சு. பார்க்க அசிங்கமா இருக்குன்னு கியூசி (தரம் பார்க்கறவங்க) ரெண்டு தடவை ரிஜெக்ட் பண்ணினது வேற.

நாப்பது_வருஷ_வைண்டர்

நூல் கட்டறதை எங்களுக்குச் சொல்லித் தர்றீங்களா தம்பி? நாங்க நூல் கட்டி வார்னிஷ் ஊத்தாத ஸ்டேட்டர் கிடையாது. பச்சை பூத்தா கழுவத் தெரியாதவன் வேலை அது.

ஓசூர்_சர்வீஸ்

நடுவுல ஒண்ணு. எனக்கு வந்தது அலுமினியக் கம்பி, மேல செம்பு முலாம். வெட்டுமுகத்துல வெள்ளையாத் தெரிஞ்சுது, நான் ஈயம்னு நினைச்சுட்டேன். ஐயா சொல்ற மாதிரி நல்லாச் சுரண்டினேன், சுரண்டினதுல முலாமும் சேர்ந்து போச்சு. அப்புறம் ஈயம் உருண்டு உருண்டு விழுது, காத்துப் பட்ட நொடியில அலுமினியத்து மேல ஆக்சைடு படிஞ்சிடுதே. எப்படியோ ஒட்டிக் கொடுத்துட்டேன். மழைக்காலம் முடிஞ்சு திரும்பி வந்தப்ப ஜாயின்ட்ல திருநீறு மாதிரி வெள்ளைப் பொடி. ஊதினேன், பறந்துச்சு, கம்பியும் கூடவே வந்துச்சு. காசு வாங்கலை.

சால்டர்_டேபிள்_4

முதல் பதிவு போட்ட அண்ணனுக்கு. நான் அந்தக் கம்பெனி இல்லை, வேற. ஆனா அந்த டேபிள்ல ஏழு வருஷமா உட்கார்ந்திருக்கேன்.

"புகை வரலைன்னா நல்லதுதானே"ன்னு சொன்னீங்களே, அதைப் படிச்சதும் எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தேன். போலியூரிதேன் கம்பி எரியறப்ப தொண்டையைப் பிடிக்கற மாதிரி ஒரு கசப்பு வாசம். பேஸ்ட்ல இருக்கற ரோசின் வாசம் வேற, அது குங்கிலியம் மாதிரி. எங்களுக்கு ரெண்டும் தனித்தனியாத் தெரியும். ரீல் மாறினா லேபிளைப் பார்க்காமலே சொல்லுவோம். அந்தப் பொண்ணு சும்மா பேச்சுக்குச் சொல்லலை, டெஸ்ட் ரிசல்ட் சொல்லியிருக்கு.

எனக்கு ரெண்டாவது வருஷம் இருமல். திங்கள் சாயங்காலம் ஆரம்பிக்கும், சனிக்கிழமை ராத்திரி நெஞ்சுக்குள்ள விசில் அடிக்கும், ஞாயித்துக்கிழமை ஒண்ணுமே இருக்காது. அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்தேன், சுத்தமா இல்லை. திரும்பி வந்து அயனைக் கம்பியில வச்ச முதல் நிமிஷம், முதல் புகை, அப்படியே மூச்சு அடைச்சுது. டாக்டர் என்ன வேலைன்னு கேட்டாரு, சொன்னேன். அந்தப் புகையில ஐசோசயனேட் வரும், ரோசினும் சேரும், ரெண்டுமே ஆஸ்துமா கொண்டு வரும்னாரு. எழுதி வாங்கிட்டுப் போய் நீட்டினதுக்கு அப்புறம்தான் டேபிளுக்கு டேபிள் உறிஞ்சு குழாய் வந்துச்சு. அதுவரைக்கும் எதிர்ல ஒரு டேபிள் ஃபேன்தான், என் புகையைப் பக்கத்து அக்கா மூஞ்சிக்குத் தள்ளும்.

நாப்பது_வருஷ_வைண்டர்

ஈரத்துணி கட்டிக்கோம்மா. சாயங்காலம் வெல்லம் ஒரு துண்டு வாயில போட்டுக்கோ. நாங்கெல்லாம் அப்படித்தான்.

சால்டர்_டேபிள்_4

ஐயா, துணி தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. வெல்லம் நல்லா இருக்கும், சாப்பிடறேன்.

அண்ணா, உங்களை ஒண்ணு கேக்கணும். அந்தப் பொண்ணு சொல்லிட்டு, அப்புறம் என்ன பண்ணுச்சு? எங்களுக்கு சந்தேகம் வந்தா போர்டை லைன்ல விடமாட்டோம்.

பீளமேடு_பி_ஷிஃப்ட்

எழுதும்போது அதை விட்டுட்டேன். வேணும்னுதான் விட்டேன்.

தனியா எடுத்து வச்சிருந்துச்சு. டேபிளுக்குக் கீழ சிவப்பு ட்ரேல, இருபது ஸ்டேட்டர் இருக்கும், ஒவ்வொண்ணுலயும் வி முனை பக்கத்துல மார்க்கரால ஒரு புள்ளி. ஷிஃப்ட் முடிய பத்து நிமிஷம், எண்ணிக்கை குறைஞ்சுது. நான் அந்த ட்ரேயைத் தூக்கிட்டுப் போய் மீட்டர் வச்சேன், எல்லாம் ஓகே காட்டுச்சு. கன்வேயர்ல கொட்டிட்டேன். அது பார்த்துட்டே நின்னுச்சு, ஒண்ணும் சொல்லலை.

திரும்பி வந்த பன்னிரண்டுல அஞ்சுல அந்தப் புள்ளி இருந்துச்சு.