புதுப்பிப்பு: வருமான வரம்பைத் தாண்டியவர்களுக்கு ராத் ஐஆர்ஏ

எங்கள் வருமானம் ராத் ஐஆர்ஏ வரம்பைத் தாண்டுகிறது, வேறு வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். (வரி கட்டிய பணத்தைப் போட்டு, ஓய்வுக்காலத்தில் வரியின்றி எடுக்கும் அமெரிக்கச் சேமிப்புக் கணக்குதான் ராத் ஐஆர்ஏ.) பலர் சொன்ன பின்வாசல் வழியிலேயே 2025-க்கான பணத்தைப் போட்டுவிட்டோம்.

அந்த ஆண்டு, தம்பதியாக வரி தாக்கல் செய்பவர்களுக்கு 2,36,000 டாலர் வருமானத்தில் ராத்தில் நேரடியாகப் போடும் அனுமதி குறையத் தொடங்கி 2,46,000-இல் நின்றுவிட்டது. ஆனால் வரிக்கழிவு கேட்காமல் பாரம்பரிய ஐஆர்ஏவில் (எடுக்கும்போது வரி கட்டும் வகைக் கணக்கு) போட்டு, அதை ராத்துக்கு மாற்ற வருமான வரம்பே கிடையாது; இதுதான் அந்தப் பின்வாசல். நாங்கள் ஆளுக்கு 7,000 டாலர் போட்டோம். வினோதமான சட்டம்தான்!

மனைவியின் கணக்குதான் இழுத்தடித்தது. பழைய வேலையின் 401கே (நிறுவனம் வழியான ஓய்வூதியச் சேமிப்புத் திட்டம்) பணம், இன்னும் வரி கட்டாத 63,000 டாலர், அவருடைய பாரம்பரிய ஐஆர்ஏவில் இருந்தது. வரி கட்டிய 7,000-ஐ மட்டும் தனியாக மாற்றுகிறேன் என்று சொல்ல முடியாது; அவர் பெயரிலுள்ள ராத் அல்லாத ஐஆர்ஏ எல்லாவற்றையும் சேர்த்தே விகிதம் பார்ப்பார்கள். அப்படியே மாற்றியிருந்தால் 700 டாலருக்குத்தான் வரி இல்லை, மீதி 6,300-க்கு வரி. அதனால் அந்த 63,000-ஐ முதலில் இப்போதைய நிறுவனத்தின் 401கேவுக்கு நகர்த்தினோம். எல்லாத் திட்டமும் இதை ஏற்காது, கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் 31 இருப்புதான் கணக்கு என்பதால் அதற்குள் முடிய வேண்டும்.

அப்புறம், கூட்டாகத் தாக்கல் செய்தாலும், இந்தப் பணத்தையும் மாற்றத்தையும் வரித்துறைக்குத் தெரிவிக்கும் படிவம் 8606 ஆளுக்கொன்று.