புதுப்பிப்பு: ஏற்காட்டு வீட்டுக் கம்ப்யூட்டரில் திரை வராத கோளாறு

பனி இறங்கும் நாட்களில் ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை. வந்தாலும் தேதி பழையது, பிள்ளைகளின் கேம் திக்குகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. சரியாகிவிட்டது. காரணம் இரண்டு.

ஒன்று ரேம், அதாவது கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பட்டை. ஈரக்காற்றில் அதன் தங்க நிற முனைகளில் மங்கலாகப் படலம் படிந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு ரேமைக் கழற்றுங்கள். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு முனைகளைத் துடையுங்கள். 70 சதவீதம் வேண்டாம், தண்ணீர் அதிகம். அழிரப்பரும் வேண்டாம், பூச்சு தேயும், தூள் ஸ்லாட்டில் விழும். திரும்பப் பொருத்தும்போது 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். பாதி உட்கார்ந்த ரேமும் இதே கோளாறைத்தான் காட்டும்.

அடுத்தது மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் தேதியையும் அமைப்புகளையும் காக்கும் நாணய வடிவப் பேட்டரி. புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், இதில் 2.6தான். தேதி தவறினால் பிரவுசர் பல தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று மறிக்கும். பேட்டரி மாற்றியதும் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பை, மறுபடி இயக்குங்கள். இல்லாவிட்டால் 3200 வேக ரேம் 2400 போலக் குறைந்த வேகத்திலேயே ஓடும். கேம் திக்கியது அதனால்தான்.

சிலர் சொன்ன, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் கேபினட்டுக்குள் பயன்படாது, ஃபேன் வெளிக்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். மூடிய டப்பாவில் வைக்கும் கேமரா லென்ஸுக்கு அது அருமை. கம்ப்யூட்டரை தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், உள்சூடே ஈரத்தை விரட்டும். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மழையில் மலைவீட்டுச் சுவர் ஓதம் ஏறும்.