அணுகலா, அத்துமீறலா, கொந்தலா?

அன்பர்களே,
சட்ட மாணவர்களுக்கான பாடநூல் நாளை மாலை அச்சுக்குப் போகிறது. கணினிக் குற்றங்களைப் பற்றிய இயலின் தலைப்பு மட்டும் நிற்கிறது. 'ஊடுருவல்' என்று எழுதியிருந்தேன். வெளியாளுக்குச் சரி, உள்ளே வேலை பார்த்துக்கொண்டே பார்க்கக்கூடாத கோப்பைத் திறப்பவனுக்கு?

*

'கொந்தல்' இருக்க ஏன் தேடுகிறீர்கள்? கொந்துதல் என்றால் கொத்துதல். 'ஹேக்கிங்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் வெட்டுதல்தான் மூலப்பொருள். கொந்து என்றால் பூங்கொத்தும்கூட. கொந்தளிப்பும் இதே வேர் என்பது என் துணிபு.

*

ஐயா, பூங்கொத்து வரை போய்விட்டீர்கள். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல், 66ஆம் பிரிவின் தலைப்பில் 'ஹேக்கிங்' இருந்தது. 2008 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். சட்டமே கைவிட்ட சொல்லுக்கு நாம் ஏன் பெயர் சூட்ட வேண்டும்? 'அத்துமீறல்' போதும்.

*

> அத்துமீறல்

'அத்து' தமிழன்று, எல்லையைக் குறிக்கும் அரபுச் சொல்.

*

'மரத்தை' என்பதில் வரும் அத்து?

*

அது சாரியை. சாரியையை எவன் மீறுவான்?

*

'அனுமதியற்ற அணுகல்' என்று வைப்போம்.

*

> அணுகல்

கதவருகே வந்தவனையே சிறையில் போடுவீர்களா?

*

பிரிட்டனின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறது. அனுமதி இல்லை என்று தெரிந்தே, அணுகும் நோக்கத்துடன் கணினியை ஏதேனும் ஒரு செயலைச் செய்ய வைத்தாலே குற்றம். திருட்டுத்தனமாகத் தட்டிய கடவுச்சொல்லைக் கணினி ஏற்காவிட்டாலும் தப்ப முடியாது. அதனால்தான் அணுகலுக்குப் பதிலாகச் சிலர் சொல்லும் 'பெறுவழி'யும் வேண்டாம் என்கிறேன்; எதையோ பெற்றுவிட்ட தொனி அதில் இருக்கிறது.

*

உள்ளாள் சிக்கல் அப்படியே நிற்கிறதே. அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதியின்றி அணுகுவதையும் அனுமதியைக் கடந்து அணுகுவதையும் தனித்தனியே சொல்கிறது. வான் பியூரன் என்ற காவலர் பணத்துக்காக ஒரு வண்டி எண்ணைக் காவல்துறைத் தரவுத்தளத்தில் தேடினார். இது இரண்டாவதில் அடங்காது என்று 2021இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தரவைத் திறக்கும் உரிமை அவருக்கு இருந்தது, நோக்கம்தான் கெட்டது. ஒரே சொல் இத்தனையையும் சுமக்காது.

*

சரி, இயலுக்கு 'அனுமதியற்ற அணுகல்', அதற்குள் 'அனுமதி கடந்த அணுகல்' என்று ஓர் உட்தலைப்பு. மறுப்பு வரவில்லை, எல்லோரும் தூங்கிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பக்கங்களை அனுப்பிவிட்டேன்.

*

> அனுமதி

இதுவும் தமிழன்று, வடசொல். 'இசைவிலா அணுகல்' என்று மாற்ற நேரம் இருக்கிறதா? சொல்லடைவிலாவது கொந்தல் வருமா?