4 பாகைக் குளிரில் கூட்டமாக ஆடும் பூச்சி: நுளம்பா?

ஸ்காபரோ வளவு:
மூன்று நாளாகப் பின்னேர வெயிலில், பின்வளவு கொம்போஸ்ட் பெட்டிக்கு மேல் ஐம்பது அறுபது பூச்சிகள் ஒரே இடத்தில் மேலும் கீழுமாக ஆடுகின்றன. நீளக் கால், நுளம்பு மாதிரி. நவம்பர் கடைசி, வெளியே 4 பாகை. இந்தக் குளிரிலும் நுளம்பு வருமா? கைக்குழந்தை இருக்கிறது. மருந்து வாங்கி வைத்திருக்கிறேன், அடிக்கலாமா?

மாடித்தோட்டம்:
தொட்டி மண்ணில் வரும் குட்டிப் பூச்சிதான். தண்ணீர் ஊற்றுவதைக் குறையுங்கள்.

தும்பி:
தொட்டிப் பூச்சிக்குக் கால் இவ்வளவு நீளம் இருக்காது. மருந்து இப்போது வேண்டாம். ஒன்றைப் பிடித்து ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வையுங்கள், மரத்துப்போகும். ஊசி போல வாய் நீண்டிருந்தால் கொசு (நீங்கள் சொல்லும் நுளம்பு). ஊசி இல்லை, உணர்கொம்பு மட்டும் பஞ்சுபோல இருந்தால் மிட்ஜ், கொசு மாதிரியே இருக்கும் கடிக்காத சிறு ஈ.

ஸ்காபரோ வளவு:
அண்ணா, ஜாம் போத்தலில் பிடித்து அரை மணித்தியாலம் வைத்தேன். மரத்துப்போகவே இல்லை, போத்தல் முழுக்க நடந்து திரியுது! மனிசி பால் எடுக்கப் போய்க் கத்திவிட்டா. ஊசி இல்லை. உணர்கொம்பு மெல்லிய நூல்.

தும்பி:
தப்பு என்னுடையது. வெளியே 4, ஃபிரிட்ஜுக்குள்ளும் ஏறக்குறைய அதே 4. அதற்கு இடம் மாறியதே தெரிந்திருக்காது! இது ட்ரைக்கோசெரா என்ற நீளக்கால் ஈயாகத்தான் இருக்கும்; குளிர்காலத்தில் பறப்பதே அதன் வழக்கம். ஃப்ரீசரில் இரண்டு நிமிடம் வைத்து உச்சந்தலையைப் பாருங்கள். பெரிய கண்களுக்கு நடுவே மூன்று புள்ளிக் கண்கள் இருந்தால் அதேதான். கொசுவுக்கும் மிட்ஜுக்கும் அவை கிடையாது. (தொட்டிப் பூச்சிக்கு உண்டு, ஆனால் காலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.) ஆடுவது ஆண்கள், பெண் அந்தக் கூட்டத்தைத் தேடி வரும். இதன் புழுக்கள் அழுகும் இலையைத் தின்று வளர்பவை, அதுதான் உங்கள் பெட்டி மேல் கச்சேரி. கடிக்காது.

மலைப்பனி:
ஸ்னோ விழுந்தபின் அதன்மேல் சிலந்தி மாதிரி ஏதாவது நடந்தால் காலை எண்ணுங்கள். ஆறு கால், இறக்கை இல்லை என்றால் அது கியோனியா, அதுவும் ஈ வகைதான். கால் உறையத் தொடங்கினால், உறைவு உடம்புக்கு ஏறுமுன் அந்தக் காலைத் தானே கழற்றிவிடும்.

ஸ்காபரோ வளவு:
மூன்று புள்ளியும் தெரியுது! படம் கொஞ்சம் கலங்கல். பூச்சியைத் திரும்ப வெளியே விட்டாச்சு. மருந்தைக் கடைக்காரன் திருப்பி எடுப்பானோ தெரியாது.