ஒருதடவை நம்ம சைட்ல வாங்குனவங்க அடுத்த தடவை வேற சைட்டுக்கு போயிடுறாங்க, ஏன்னு அவங்ககிட்டயே எப்படி கேக்குறது?

மன்னார்குடி_நெல்லுக்காரன்

வணக்கம். நாங்க மன்னார்குடி பக்கம். மாப்பிள்ளை சம்பா, தூயமல்லி, கருப்பு கவுனி மாதிரி பாரம்பரிய ரகம் மட்டும் அரைச்சு பாக்கெட் போட்டு விக்கிறோம். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுல நெல் ஜெயராமன் ஐயா 2 கிலோ விதை குடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பி வாங்குவாரே, அப்பா அதுல ஆரம்பிச்சதுதான் இது. சொந்தமா வெப்சைட் இருக்கு, வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்குறோம், அமேசான்லயும் போட்ருக்கோம். வாங்குறது பெரும்பாலும் சென்னை, பெங்களூர்ல இருக்குற நம்ம ஊர் ஆளுங்க. ஆனா ஒருதடவை நம்மகிட்ட வாங்கிட்டு அடுத்த தடவை அதே கவுனிய வேற எங்கியோ வாங்குறாங்க. சரி கேட்டுடுவோம்னு போன் போட்டு எதைப் பாத்து சைட் செலக்ட் பண்ணுவீங்கன்னு கேட்டா எல்லாரும் ஒரே பாட்டு, விலை, தரம், நம்பிக்கை. நம்ம விலை அவங்க வாங்குற இடத்தைவிட கம்மிங்க! "அரிசி சூப்பர் தம்பி, அடுத்த மாசம் கண்டிப்பா வாங்குறோம்"ங்கிறாங்க, ஆனா வாங்குறதில்ல. கூகுள் ஃபார்ம் அனுப்பட்டுமா? எத்தனை பேர்கிட்ட பேசுனா போதும்?

கும்மோணம்_அக்கா

தம்பி, எதைப் பாத்து வாங்குவீங்கன்னு கேக்காதீங்க. அது கருத்து கேக்குறது, பட்டிமன்றத்துக்கு சரி. நான் ஒரு கம்பெனில இந்த இன்டர்வியூ வேலைதான் பாத்தேன், அங்க நாங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணு, "கடைசியா எப்ப வாங்குனீங்க, அன்னிக்கு என்ன நடந்துச்சு?" போன்ல ஆர்டர் ஹிஸ்டரிய திறந்து வச்சுக்கிட்டு பேசச் சொல்லுங்க, தேதியும் பொருளும் கண்ணு முன்னாடி இருந்தா ஞாபகம் தானா வரும். அரிசி தீந்துபோச்சுன்னு முதல்ல யார் சொன்னது, போனை எடுத்தது யாரு, முதல்ல எந்த ஆப்பை திறந்தாங்க, எதைப் பாத்துட்டு வேணாம்னு வெளிய வந்தாங்க, காசு யாரு கட்டுனது, இப்படி ஒண்ணொண்ணா போங்க. நடுவுல உங்க அரிசியப் பத்தி பெருமை பேசிடாதீங்க, அவங்க யோசிச்சுக்கிட்டு சும்மா இருந்தா நீங்களும் சும்மா இருங்க. கஷ்டந்தான், நமக்கெல்லாம் பேசாம இருக்க வராது.

ஏன் இவ்வளவு சுத்தி வளைச்சு கேக்கணும்னா, எதனால எடுத்தோம்னு மனுஷனுக்கு பல நேரம் தெரியறதே இல்ல. நிஸ்பெட், வில்சன்னு மனசைப் பத்தி ஆராய்ச்சி பண்ற ரெண்டு பேரு 1977ல எழுதுன ஒரு கட்டுரை இருக்கு. அமெரிக்காவுல ஒரு கடையில நாலு ஜோடி நைலான் ஸ்டாக்கிங்ஸ், அதான் பொம்பளைங்க போடுற நீளக் காலுறை, வரிசையா வச்சு எது நல்லாருக்குன்னு கேட்டாங்க. நாலும் ஒரே சரக்கு. வலது கோடில இருந்ததை 40 சதவீதம் பேரு எடுத்தாங்க, இடது கோடில இருந்ததை 12 சதவீதம்தான். ஏன் எடுத்தீங்கன்னா துணி நல்லாருக்கு, நெசவு நல்லாருக்குன்னு பதில் வந்துச்சு, வச்ச இடத்தை ஒருத்தரும் சொல்லல. உங்க கஸ்டமர் சொல்ற "தரம்"ல பாதி இந்த ரகம்தான். அன்னிக்கு என்ன செஞ்சாங்கங்கிறதை மட்டும் வாங்கிட்டு வாங்க, காரணத்தை அதுலேர்ந்து நீங்க பிரிச்சு எடுங்க.

நாகை_கணக்கு

நாலு பேரோட கதைய கேட்டுட்டு கடைய மாத்த முடியுமா? ஃபார்ம் அனுப்புங்க, நிறைய பேரு நிரப்புவாங்க, சதவீதம் கைல இருக்கும்.

கும்மோணம்_அக்கா

ஃபார்ம்ல போடுற ஆப்ஷன் எங்கேர்ந்து வரும் நாகை சார்? விலை, தரம், நம்பிக்கைன்னு நீங்களே நாலு கட்டம் போட்டா அதுலதான் டிக் அடிப்பாங்க. முதல்ல பேசுங்க, அப்புறம் ஃபார்ம். எண்ணிக்கை கேட்ட தம்பிக்கு: கெஸ்ட், பன்ஸ், ஜான்சன்னு ஆராய்ச்சி பண்றவங்க மூணு பேரு 2006ல 60 பேட்டிய அலசிப் பாத்ததுல புதுப்புது விஷயம் பெரும்பாலும் முதல் 12 பேட்டிக்குள்ளயே வந்துடுச்சு. அது ஒரே மாதிரி ஆளுங்ககிட்ட எடுத்தது. நீங்க நம்மகிட்டயே திரும்ப வாங்குறவங்களையும் விட்டுட்டுப் போனவங்களையும் தனித்தனியா எடுத்துக்கங்க. போனவங்ககிட்டதான் விஷயம் இருக்கு.

பட்டுக்கோட்டை_டெலிவரி

அண்ணே நான் பார்சல் குடுக்குறவன், எங்க பக்கத்துலேர்ந்து ஒண்ணு சொல்றேன். ஆர்டர்ல ஒரு பேரு இருக்கும், அந்த நம்பருக்கு அடிச்சா பையன் சென்னையில ஆபீஸ்ல இருப்பான், அம்மாட்ட குடுங்கம்பான், அம்மா வயல்ல இருப்பாங்க. வாங்குறது ஒருத்தர், காசு ஒருத்தர், பொங்கித் திங்கிறது ஒருத்தர். நீங்க போன் பண்ணி பேசுனது யார்கிட்டன்னு பாத்தீங்களா? ஆர்டர் போட்டவருக்கு அரிசி கொழைஞ்சுதா வெந்துதான்னே தெரியாது. இன்னொண்ணு, கேஷ் ஆன் டெலிவரி இல்லைன்னா எங்க லைன்ல பாதி வீட்ல ஆர்டரே போடமாட்டாங்க, பொருளை கண்ணால பாத்துட்டுத்தான் காசுன்னு பெரியவங்க ஒத்த கால்ல நிப்பாங்க.

தாம்பரத்துல_தஞ்சாவூர்

எந்தக் கடைன்னு சொல்லமாட்டேன், நானும் இப்படி ஊர் அரிசிக் கடை ஒண்ணை விட்டுட்டு வந்தவதான். நடந்தது இதான். ராத்திரி பிள்ளைங்க தூங்குனப்புறம் பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் ஒரு ஆப்ல போட்டுக்கிட்டு இருந்தேன், அதுலயே கவுனி கண்ணுல பட்டுச்சு, அட்ரஸ் ஏற்கனவே இருக்கு, யூபிஐ இருக்கு, சேத்துப் போட்டுட்டேன். அவ்வளவுதான், விலையெல்லாம் பாக்கவே இல்ல. முன்னாடி அந்த ஊர்க்கடை பாக்கெட்டுல வண்டு வேற இருந்துச்சு. பாலிஷ் பண்ணாத அரிசின்னா வண்டு வரும்னு எனக்கும் தெரியும், ஆனா அதை யார்ட்ட சொல்லி எப்படி திருப்பிக் குடுக்குறதுன்னு அவங்க சைட்ல எங்கயும் இல்ல. அந்தக் கடைக்காரர் போன் பண்ணா சொல்லுவேனா? மாட்டேன். கல்யாணப் பந்தியில பொண்ணோட அப்பாவே வந்து சாப்பாடு எப்படின்னு கேட்டா ரசத்துல உப்பில்லன்னு யாராவது சொல்வாங்களா? நல்லாருக்கு தம்பின்னுதான் சொல்லுவேன்.

கும்மோணம்_அக்கா

இதான், இதான். தம்பி, நீங்க பேசாதீங்க, கடைக்கு சம்பந்தமில்லாத ஒருத்தரை விட்டு பேசச் சொல்லுங்க, பேச்ச உங்க அரிசியிலேர்ந்து ஆரம்பிக்காம மாசச் சாமான்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க.

மன்னார்குடி_நெல்லுக்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சித்தி பொண்ணு திருச்சியில காலேஜ் படிக்குது, அதை விட்டு சில பேர்கிட்ட ஆர்டர் ஹிஸ்டரிய வச்சு பேசச் சொன்னேன். கேட்டதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஒரு அம்மா எங்க கவுனிய ஊற வைக்காம குக்கர்ல போட்ருக்காங்க, வேகவே இல்ல. ராத்திரியே ஊறப்போடணும்னு எங்க பாக்கெட்ல எங்கயும் எழுதல, எங்களுக்கு அது சொல்லணும்னே தோணாத விஷயம். அடுத்த தடவை அவங்க வாங்குன சைட்ல ஊற வைக்குற நேரம், தண்ணி அளவு, விசில் எல்லாம் படத்தோட போட்ருந்துச்சாம். அந்த அம்மாவும் முதல்ல சொன்ன காரணம் "தரம்"தான்! இன்னொருத்தர் தாம்பரம் அக்கா சொன்ன கதையேதான், மாசச் சாமானோட சேத்துப் போட்டது. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நினைக்கிறேன், பருப்பும் சோப்பும் நான் எங்க போயி விக்கிறது.

இதுல ஒரு சந்தேகம், தங்கச்சி பேசுறதை ரெக்கார்ட் பண்ணிக்கலாமா?

கும்மோணம்_அக்கா

ஆரம்பத்துலயே கேட்டுட்டு, சரின்னா மட்டும் பண்ணுங்க. எதுக்கு எடுக்குறோம், யார் கேப்பாங்க, எப்ப அழிப்போம்னு சொல்லிடுங்க, 2023லயே தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குன்னு சட்டம் போட்டாச்சு. ஆர்டர் ஹிஸ்டரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லாதீங்க, அதுல அட்ரஸ், மருந்து மாத்திரை எல்லாம் கிடக்கும், அவங்களே பாத்து வாயால படிச்சா போதும். நன்றிக்கு உங்க கடை கூப்பனை குடுக்காதீங்க, கடைய மனசுல வச்சுக்கிட்டு பேசுவாங்க, போன் ரீசார்ஜ் பண்ணி விடுங்க.