சிசிலிக் கடற்கரையில் கடைசி நாள்: எங்கே, எப்போது, எதைச் சாப்பிடலாம்?

கேள்வி: திருக்கடலூர் வாசி

அனைவருக்கும் வணக்கம். வருகிற செப்டெம்பர் மாத நடுப்பகுதியில் நானும் மனைவியும் அம்மாவும் இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில் வசிக்கும் என் தம்பியின் வீட்டுக்குச் செல்லவிருக்கிறோம். தேவாலயங்கள், அரண்மனைகள், சந்தைகள் என்று பார்க்க வேண்டியவற்றையெல்லாம் முந்திய நாள்களிலேயே பார்த்து முடித்துவிடுவோம். கடைசி நாளான வியாழக்கிழமையை மட்டும், எந்த ஓட்டமும் இல்லாமல், கடலோரத்தில் அமர்ந்து, அந்த ஊர் மக்கள் சாப்பிடுவதை அவர்கள் சாப்பிடும் நேரத்திலேயே சாப்பிட்டுக் கழிக்க வேண்டும் என்பது என் ஆசை. மறுநாள் அதிகாலையில் விமானம். தம்பிக்கு அன்று வேலை இருப்பதால் நாங்கள் மூவர் மட்டுமே போவோம்.

நாங்கள் மீன் சந்தைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர்கள். ஆகவே மீனைச் சுட்டுத் தட்டில் வைத்துத் தருவதைத் தேடி அவ்வளவு தூரம் போகவில்லை. நாம் கறியும் சொதியும் வைக்கிற அதே சாளையையும் நெத்தலியையும் கணவாயையும் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அறியவே விரும்புகிறோம். அம்மாவோ முழு மரக்கறிக்காரர். முட்டையும் சேர்த்துக்கொள்ள மாட்டார். நாங்கள் இருவரும் ருசித்துச் சாப்பிடும்போது அவர் பாணையும் வாழைப்பழத்தையும் வைத்துக்கொண்டு இருக்கும்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் பெரிய கவலை.

பக்கத்திலுள்ள மொந்தெல்லோக் கடற்கரை போதும் என்று சிலரும், செஃபலூ என்ற கடலோர ஊருக்குப் போகாமல் திரும்பாதீர்கள் என்று சிலரும் சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பலெர்மோத் திருமலையான்

வணக்கம் அண்ணா. எனக்கும் சொந்த ஊர் திருகோணமலைதான். பலெர்மோவில் ஓர் உணவகத்தின் சமையலறையில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். வயதான அம்மா, அடுத்த நாள் அதிகாலைப் பயணம் ஆகிய இரண்டையும் வைத்துப் பார்த்தால் மொந்தெல்லோவே உங்களுக்குப் பொருத்தம். பெல்லெக்ரினோ மலைக்கும் கல்லோ மலைக்கும் நடுவிலுள்ள மணற்குடா அது. நகர மையத்திலிருந்து 806 ஆம் இலக்கப் பேருந்து நேரே கடற்கரைக்குப் போகும். பயணச்சீட்டைப் புகையிலைக் கடையில் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். செப்டெம்பர் நடுவில் பள்ளிக்கூடங்கள் திறக்கத் தொடங்கிவிடுவதால் கோடைக்கூட்டம் குறைந்துவிடும். கடல் நீர் மட்டும் அப்போதும் இதமாகவே இருக்கும்.

அன்றைய நாளை மதிய உணவைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் முதலாவது ஆலோசனை. எந்நேரமும் சாப்பாடு கிடைக்கும் என்ற எண்ணத்தில் இங்கு வரும் நம்மவர்கள் பலர் பிற்பகல் நான்கு மணிக்கு மூடிய கதவுகளுக்கு முன்னால் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். உணவகச் சமையலறை பகல் பன்னிரண்டரை அல்லது ஒரு மணிக்குத் திறந்து, இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில் அடுப்பை அணைத்துவிடும். இரவில் ஏழரைக்கு முன்னால் திறப்பவர்கள் குறைவு. உள்ளூர்க் குடும்பங்கள் எட்டரை, ஒன்பது மணிக்குத்தான் வந்து அமர்வார்கள். அதிகாலையில் விமான நிலையம் போக வேண்டியவர்களுக்கு அந்த இரவுச் சாப்பாடு ஒத்துவராது. எனவே ஒரு மணிக்கு மேசையில் அமர்ந்து, மூன்று மணி வரை எழுந்திருக்காமல் சாப்பிடுங்கள். உங்களை யாரும் எழுப்ப மாட்டார்கள். நீங்கள் கேட்கும் வரை கணக்குச் சீட்டைக்கூடக் கொண்டுவர மாட்டார்கள். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இவ்வூரின் மரியாதை அதுதான்.

மதியத்துக்குப் பசி இருக்க வேண்டும் என்பதால் காலையில் கிரனீத்தாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழச்சாறு அல்லது வாதுமைப் பாலைச் சீனியோடு சேர்த்து, கிளறிக் கிளறி உறைய வைத்த குளிர் உணவு அது. அதோடு பிரியோஷ் என்ற மென்மையான பணிஸைத் தருவார்கள். அதன் தலையில் சிறிய உருண்டை ஒன்று இருக்கும், அதை முதலில் பிய்த்துக் கிரனீத்தாவில் தோய்த்துச் சாப்பிடுவது வழக்கம். இது மெசினா, கத்தானியா முதலிய கிழக்குச் சிசிலி ஊர்களின் பெருமை என்றாலும் இங்கும் நல்லதாகவே கிடைக்கிறது. வாதுமை, தேசிக்காய், கோப்பி ஆகிய மூன்றையும் ஆளுக்கொன்றாக வாங்கி மாற்றி மாற்றிச் சுவைத்துப் பாருங்கள்.

இனி நீங்கள் கேட்ட சாளைக்கு வருகிறேன். பலெர்மோக்காரர்களின் உயிர் அதில்தான் இருக்கிறது. பஸ்தா கொன் லெ சார்தே என்பதைக் கட்டாயம் கேளுங்கள். முள் நீக்கிய சாளை, காட்டுப் பெருஞ்சீரகத் தழை, பைன் விதை, முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை), சிறிது குங்குமப்பூ எல்லாம் சேர்ந்து வெந்த குழம்பைப் பஸ்தாவில் பிரட்டி, மேலே வறுத்த பாண் தூளைத் தூவித் தருவார்கள். மீனோடு இனிப்பு வற்றலா என்று முதல் வாயில் திகைப்பீர்கள். மூன்றாவது வாயில் அந்த மணம் பிடிபட்டுவிடும். சார்தே அ பெக்காஃபீக்கோ என்பது வேறு வகை. விரித்த சாளைக்குள் பாண் தூள், வற்றல், பைன் விதை ஆகியவற்றை வைத்துச் சுருட்டி, இடையிடையே பிரியாணி இலை போன்ற இலைகளைச் செருகிச் சூளையில் சுடுவார்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டு இறால் பஸ்தாவை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

மொந்தெல்லோவின் தனிச்சிறப்பு அவித்த பேய்க்கணவாய். கொதிக்கும் நீரில் முதலில் அதன் கைகளை மட்டும் இரண்டு மூன்று முறை தோய்த்துத் தூக்குவார்கள்; அவை அழகாகச் சுருண்ட பிறகே முழுவதையும் உள்ளே இறக்குவார்கள். வெந்ததும் உங்கள் கண் முன்னாலேயே கத்தியால் துண்டு துண்டாக வெட்டி, தேசிக்காயுடன் தட்டில் வைத்துத் தருவார்கள். வேறு மசாலை எதுவும் கிடையாது. இஞ்சி பூண்டு இல்லாமல் எப்படி என்று உங்கள் மனைவி யோசிக்கலாம், உண்மையிலேயே தேவைப்படாது.

விலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முழு மீனை வாங்கினால், பட்டியலில் எழுதியிருப்பது பெரும்பாலும் ஓர் எத்தோவுக்கான, அதாவது 100 கிராமுக்கான விலை. மீனைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி, நிறுத்து, மொத்த விலையைக் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். அப்படிக் கேட்பதை இங்கு யாரும் குறையாக எடுப்பதில்லை. உணவின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்த பொருள். கணக்கில் கொப்பெர்த்தோ என்று ஆளுக்கு ஒரு சிறு தொகை சேரும். பாணுக்கும் மேசைக்குமான அக்கட்டணம் பட்டியலிலேயே எழுதப்பட்டிருக்கும். முன்னுணவு, பஸ்தா, மீன், இனிப்பு என்று எல்லா வரிசையிலும் ஒவ்வொன்று வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் இருவரும் ஒரு முன்னுணவையும் இரண்டு பஸ்தாவையும் பகிர்ந்தாலே வயிறு நிறையும்.

பதில்: உவர்மலை மருமகள்

ஐயா, உங்கள் அம்மாவின் சாப்பாட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். என் மாமியாரும் முட்டை தொடாதவர். அவரை அழைத்துக்கொண்டு பலெர்மோவில் என் கணவரின் உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். சிசிலியில் மரக்கறிக்காரர் பட்டினி கிடக்க மாட்டார். ஆனால் பார்வைக்கு மரக்கறியாகத் தெரிவதில் சில, உண்மையில் மரக்கறி அல்ல.

முதலில் நிம்மதியாகச் சாப்பிடக்கூடியவை. பனெல்லே என்பது கடலை மாவைத் தண்ணீரில் கரைத்துக் களியாகக் கிண்டி, மெல்லிய வில்லைகளாக வெட்டி எண்ணெயில் பொரித்தது. எள்ளுத் தூவிய பணிஸுக்குள் சூடாக அடுக்கித் தேசிக்காய் பிழிந்து தருவார்கள். மாமியார் ஒவ்வொரு மாலையும் அதையே கேட்டார். மீன் பொரித்த அதே எண்ணெயா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். கப்பொனாத்தாவை அம்மாவுக்கு உடனே பிடித்துவிடும், ஏனென்றால் பொரித்த கத்தரிக்காயை வினாகிரியும் சீனியும் சேர்த்துப் பிரட்டுவதால் நம்முடைய கத்தரிக்காய் மோஜுவுக்கு அது மிக நெருங்கிய உறவு. ஒலிவக் காய், செலரித் தண்டு, கேப்பர் மொட்டு, தக்காளி ஆகியவை கூடுதலாக இருக்கும். சில உணவகங்களில் வாள்மீன் துண்டுகளையும் அதில் போடுவதுண்டு, எனவே கேட்டுத்தான் வாங்க வேண்டும். பஸ்தாவைப் பொறுத்தவரை, கடையில் விற்கும் உலர்ந்த வகை கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டுமே. முட்டை சேர்த்துப் பிசைந்தது தனி வகை. தக்காளியும் கத்தரிக்காயும் போட்ட நோர்மாப் பஸ்தாவை மேலே தூவும் பாற்கட்டி இல்லாமல் தரச் சொல்லலாம். பார்மிஜானோ போன்ற பாற்கட்டிகளைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டு செய்கிறார்கள். அம்மா அதையும் தவிர்ப்பவராக இருந்தால் இது முக்கியம்.

இனித் தவிர்க்க வேண்டியவை. ஸ்ஃபிஞ்சோனே என்ற தடித்த பாண் வெறும் வெங்காயமும் தக்காளியும் போட்டது போலத் தோன்றும்; உள்ளே நெத்தலி கரைந்திருக்கும். அரஞ்சீனா என்ற சோற்று உருண்டையில் இறைச்சி வைத்தது ஒன்று, வெண்ணெய் வைத்தது ஒன்று என இரண்டு வகை எங்கும் கிடைக்கும். வெண்ணெய் என்ற பெயரை நம்பி வாங்கிவிட வேண்டாம், அதற்குள் பன்றி இறைச்சித் துண்டுகளைச் சேர்ப்பதே வழக்கம். கன்னோலி என்ற இனிப்பின் மொறுமொறுப்பான ஓட்டு மாவில் மரபாகப் பன்றிக் கொழுப்புச் சேர்க்கிறார்கள். பிரியோஷில் முட்டை உண்டு, ஆகவே அம்மாவுக்குக் கிரனீத்தாவை மட்டும் வாங்கிக் கொடுங்கள். இனிப்புக்கு மர்த்தொரானாப் பழங்கள் இருக்கின்றன: வாதுமைப் பருப்பை அரைத்துச் சீனியோடு பிசைந்து, தோடம்பழம், அத்திப்பழம், பீச் பழம் என்று அச்சு அசலாக வடித்து வண்ணம் தீட்டியவை. ஒரு தோடம்பழத்தின் தோலிலுள்ள சிறு புள்ளிகளைக்கூட விடாமல் செய்திருந்ததை மாமியார் நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா உவோவா” என்று ஒரு தாளில் எழுதி அம்மாவின் கைப்பையில் வைத்துவிடுங்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம் என்பதைப் பரிமாறுபவர் உடனே புரிந்துகொள்வார். அசைவம் சாப்பிடாதவர் என்று மட்டும் சொன்னால் சிலர் மீனைக் கணக்கில் எடுப்பதில்லை.

பதில்: உப்புவெளி விடுதிக்காரர்

செஃபலூவுக்காக நானும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1131 இல் இரண்டாம் ரொஜர் மன்னன் தொடங்கிய பெருங்கோவில், அதன் முன்னாலுள்ள சதுக்கம், மணற்கரை, சாப்பாட்டு மேசை எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியே இருப்பது அவ்வூரின் வசதி. முந்திய நாள்களில் ஒன்றை அங்கே செலவிட முடியுமானால் செலவிடுங்கள். கடைசி நாளுக்கு மொந்தெல்லோ என்று பலெர்மோத் தம்பி சொல்வதை நானும் ஏற்கிறேன்.

ஆகஸ்ட் விடுமுறையில் எங்கள் கரைக்கு வரும் இத்தாலியர்களைக் கவனித்து நான் கற்றது ஒன்று உண்டு. அவர்கள் கடலிலிருந்து எழுந்து வந்து, உடை மாற்றி, தலை வாரிய பிறகே மதியச் சாப்பாட்டுக்கு அமர்வார்கள். ஈரத் துணியோடு மேசைக்கு வருவதை அவர்கள் விரும்புவதில்லை. மேசையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பி வைத்தால் மிகவும் சங்கடப்படுவார்கள். ஒன்று முடிந்த பின்னரே அடுத்தது வர வேண்டும். நாம் சோறும் கறிகளும் ஒன்றாக எடுத்துப் பழகியவர்கள், ஆகவே அங்கே இடைவெளி நீண்டால் பரிமாறுபவர் மறந்துவிட்டார் என்று எண்ணிப் பதற்றப்பட வேண்டாம். அந்த இடைவெளியில்தான் அவர்கள் பேசுகிறார்கள். பால் சேர்த்த கோப்பியைக் காலையோடு முடித்துவிடுவார்கள். சாப்பாட்டுக்குப் பின் சிறு கோப்பையில் கறுப்புக் கோப்பி மட்டுமே.

பதில்: திருக்கடலூர் வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செஃபலூவைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிவிட்டோம். வியாழனன்று காலை ஒன்பது மணிக்கு மொந்தெல்லோவில் கிரனீத்தா. பிறகு 1913 இல் கடலுக்கு மேலேயே கட்டப்பட்ட பழைய குளியல் மாளிகையைப் பார்த்தபடி மெதுவான நடை. ஒரு மணிக்குச் சாளைப் பஸ்தாவும் பேய்க்கணவாயும், அம்மாவுக்குக் கப்பொனாத்தாவும் நோர்மாவும். மாலையில் தம்பி வேலை முடித்து வரும்போது வீட்டில் சூடான பனெல்லே. சரிதானா? ஊருக்கு எதையாவது கொண்டுவர முடியுமா என்றும் அம்மா கேட்கிறார்.

பதில்: பலெர்மோத் திருமலையான்

மிகவும் சரி அண்ணா. பனெல்லேயை வீடு வரை கொண்டுபோனால் துவண்டுவிடும் என்பதால், தம்பியைக் கடை வாசலுக்கே வரச் சொல்லி அங்கே நின்று சாப்பிடுங்கள்.

ஊருக்கு எடுத்துச் செல்லப் பந்தெல்லேரியாத் தீவின் உப்பிட்ட கேப்பர் மொட்டு, கட்டாக விற்கும் உலர்ந்த ஒரேகானோ, மோதிக்கா என்ற ஊரின் சொக்லேட் ஆகியவை நல்லவை. அந்தச் சொக்லேட்டைக் குறைந்த சூட்டில் செய்வதால் சீனி முழுவதும் கரையாமல் பல்லில் நறநறக்கும். மர்த்தொரானாப் பழங்களும் பயணத்தைத் தாங்கும். ரிக்கொத்தா என்ற மென்மையான பாற்கட்டி நிரப்பிய கன்னோலியை மட்டும் கட்டிக்கொண்டு போகாதீர்கள், வழியிலேயே ஓடு ஊறிப் பால் புளித்துவிடும். ஒலிவ எண்ணெயையும் பிஸ்தாப் பசையையும் கைப்பையில் வைத்தால் 100 மில்லிலீற்றர் விதியைக் காட்டிப் பறித்துவிடக்கூடும்; துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். இவற்றையெல்லாம் புதன்கிழமையே பல்லாறோச் சந்தையில் வாங்கி முடித்துவிட்டால் வியாழன் முழுவதும் உங்களுடையது.