தனுஷ்கோடி தேவாலயச் சுவருக்கு மக்கும் பாலிமர் பூசலாமா?

பாலிமர்_மாணவன்
1964 டிசம்பர் புயலில் மிஞ்சிய தனுஷ்கோடி தேவாலயச் சுவர் பவளக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். உப்பு அரித்துப் பொடியாக உதிர்கிறது. மாற்றுக் கல்லுக்கும் வழியில்லை. பவளத்தை வெட்டச் சட்டம் விடாது. கல்லை இறுக்க உலகம் முழுக்கப் பூசும் பாராலாய்டு பி-72 ஓர் அக்ரிலிக் பிளாஸ்டிக், மக்காது. அதற்குப் பதில் சோளம், கரும்பிலிருந்து வரும் பாலிலாக்டிக் அமிலமோ, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானோ பூசிப் பார்க்கலாமே? இறால் ஓடு நம் பக்கம் குப்பைதான். பூச்சு காலப்போக்கில் போய்விட்டால் அடுத்த தலைமுறை இன்னும் நல்லதைப் பூசிக்கொள்ளும்.

சுண்ணாம்புக்காரன்
தம்பி, மக்கிப் போகிறதைக் காவலுக்கு வைப்பது என்ன கணக்கு? கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அங்கே நின்றிருக்கிறாயா? மணல் வாரி அடிக்கும். உன் பூச்சு எத்தனை நாளைக்கு?

பாலிமர்_மாணவன்
அண்ணே, மக்கும் என்றால் மழையில் கரையும் என்று அர்த்தமில்லை. பாலிலாக்டிக் அமிலம் வேகமாக மக்க ஈரமும் 58 டிகிரி அளவு சூடும் உள்ள உரத் தொட்டி வேண்டும். கடல் தண்ணீரில் போட்டால் வருடக்கணக்கில் கிடக்கும். பாராலாய்டு 40 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். மே மாத வெயிலில் கல் அதற்கு மேலேயே சுடும், பறக்கிற மணலெல்லாம் ஒட்டும். பாலிலாக்டிக் 55, 60 வரை தாங்கும்.

சுண்ணாம்புக்காரன்
நிற்குமா, போகுமா? ஒன்றைச் சொல். காலையில் போய்விடும் என்றாய், மதியம் வருடக்கணக்கில் கிடக்கும் என்கிறாய்.

தங்கச்சிமடம்_வாசி
சாவியை வைத்துச் சுவரில் காதலி பெயர் கிறுக்குகிறவர்களை முதலில் நிறுத்துங்கள். அதற்கு எந்த பாலிமரும் வேண்டாம்.

கல்வேதியியல்
இருவரும் நாள்கணக்கிலேயே நிற்கிறீர்கள். எப்படிச் சிதைகிறது, சிதைந்தால் என்ன மிஞ்சுகிறது என்பதைப் பார்க்க வேண்டாமா? பாலிலாக்டிக் அமிலத்தைத் தண்ணீர் உடைத்தால் கிடைப்பது லாக்டிக் அமிலம். பவளக்கல் முழுக்கக் கால்சியம் கார்பனேட்; அமிலம் பட்டால் கரையும். கைட்டோசானும் வெறும் தண்ணீரில் கரையாது, வினிகர் போன்ற அமிலம் சேர்த்தால்தான் கரையும். ஆக, பூசும் நாளிலேயே அரிப்பு தொடங்கிவிடும். ராமேஸ்வரத்துக் கருங்கல் தூண் என்றால் எனக்கு இந்தக் கவலை இல்லை.

உப்பு இன்னும் பெரிய சிக்கல். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் சாதா உப்பு ஈரத்தை இழுத்துக் கரையும், இறங்கினால் மறுபடி படிகமாகும். நம் கரையில் ஈரப்பதம் அந்தக் கோட்டைச் சுற்றியே ஏறி இறங்குகிறது. நுண்துளைகள் திறந்திருந்தால் படிகம் வெளியே பூக்கும், துடைத்துவிடலாம். படலம் போட்டு அடைத்தால் உள்ளேயே வளர்ந்து மேல்தோலைப் பெயர்க்கும். மெக்சிகோவின் பழைய சுவரோவியங்களில் அக்ரிலிக் பூசியதற்கு இதுதான் நடந்தது. பிறகு ஃப்ளோரன்ஸ் வேதியியலாளர்கள் போய் அந்தப் பூச்சைக் கரைத்து எடுத்துவிட்டு, நுண்ணிய கால்சியம் ஹைட்ராக்சைடு துகள்களைச் சேர்த்தார்கள். அதாவது சுண்ணாம்பு!

சுண்ணாம்புக்காரன்
கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து எங்கள் தாத்தா அரைத்தது. ஃப்ளோரன்ஸ் சொன்னால்தான் ஏறும் போல.

பாலிமர்_மாணவன்
மெல்லிய படலத்திலிருந்து வரும் அமிலம் மிகச் சொற்பம் சார், அதுவும் மெதுவாகத்தான் வரும். துளையை அடைக்காத அளவுக்கு நீர்த்த கரைசலாகவும் பூசலாம். இன்னொன்று: பாதுகாப்பு என்றாலே நிரந்தரமா? அழகன்குளம் போன்ற அகழாய்வுக் குழியில் உடையும் நிலையில் உள்ள பானையை எடுக்கும்போது தற்காலிகமாக இறுக்கிக் கட்டுவார்கள். அதற்கென்றே, தானே ஆவியாகிப் போகும் சைக்ளோடோடெக்கேன் என்ற மெழுகு இருக்கிறதே.

கல்வேதியியல்
பானைக்குச் சரி. நிழலில், சில வாரம், கண் முன்னால். சுவர் வெட்டவெளியில் அல்லவா நிற்கிறது. சொற்ப அமிலம் என்பதையும் அளந்து காட்டினால் ஒப்புக்கொள்கிறேன்.

சுண்ணாம்புக்காரன்
சுவரில் கை வைக்காதே. அனுமதி வாங்கி, ஏற்கெனவே விழுந்துகிடக்கும் கல் மூன்றை எடு. ஒன்றில் உன் பூச்சு, ஒன்றில் சுண்ணாம்புத் தெளிநீர், ஒன்று சும்மா. அங்கேயே வெட்டவெளியில் வை. இரண்டு கச்சானும் ஒரு ஐப்பசி மழையும் கடக்காமல் வெற்றி என்று இங்கே வந்து எழுதாதே.

பாலிமர்_மாணவன்
ஏற்கிறேன் அண்ணே. நான்காவது கல்லில் பாராலாய்டும் வேண்டும், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது?

சுண்ணாம்புக்காரன்
வை. வாங்குகிற காசு உன்னுடையது.